வெள்ளியில் உப்பு வைக்கலாமா? பிரெஞ்சு மேசை முதல் வால்பாறை பங்களா வரை

உப்பை வெள்ளிப் பாத்திரத்தில் போட்டு வைக்கலாமா என்று கொங்கு நாட்டில் எந்தச் சமையலறையில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: கூடாது. உப்புக்கு மரவை, கல்சட்டி, இல்லாவிட்டால் பீங்கான் ஜாடி. ஊறுகாய்க்கும் ஜாடிதான். வெள்ளிக்கு வேறு வேலைகள் உண்டு. குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் சொம்பு, பந்தியில் நெய்க் கிண்ணம். நெய் வெள்ளியை ஒன்றும் செய்யாது, உப்பு சும்மா விடாது. பாட்டிமார்களுக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் தெரியாமலா பிரெஞ்சுக்காரர்கள் உப்பு, கடுகு, வினிகர் என்று வெள்ளிக்கு ஆகாத அத்தனையையும் வெள்ளியிலேயே வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பரிமாறினார்கள்? தெரிந்தேதான் செய்தார்கள். அரிக்கும் என்று தெரிந்திருந்ததால்தான் அந்தப் பாத்திரங்களுக்கு அந்த வடிவமே வந்தது. பழைய பிரெஞ்சு வெள்ளியைப் பற்றி எழுதுகிறவர்கள் பூ வேலைப்பாட்டையும் அரசர் பெயரையும் சொல்லிவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வால்பாறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், தேயிலைக்கு நடுவே பழைய துரை பங்களாக்கள் நிற்கின்றன. சில இன்று சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதிகள். இம்மாதிரி பங்களாக்களின் கண்ணாடி அலமாரியில் உப்புக் கிண்ணம், கடுகுக் கிண்ணம், இரண்டு சீசா வைத்த எண்ணெய்-வினிகர் ஸ்டாண்ட் என்று ஏதாவது இருக்கும். பழம்பொருள் வியாபாரத்தில் ‘எஸ்டேட் வெள்ளி’, ‘பிரெஞ்சு வெள்ளி’ என்று சொல்லி இவற்றை விற்பதும் உண்டு. இதில் எது வெள்ளி, எது பிரெஞ்சு என்பதைப் பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வர வேண்டும்.

ஐரோப்பிய மேசையில் உப்பு வெறும் சுவைப்பொருளாக இருந்ததில்லை. இடைக்காலத்துப் பிரெஞ்சு பிரபுக்கள் வீட்டில் கப்பல் வடிவத்தில் ஒரு வெள்ளிப் பாத்திரம் இருக்கும். வீட்டுத் தலைவர் முன்னால் வைப்பார்கள். பல வீடுகளில் உப்பு அதில்தான். ஆளுக்குத் தக்க மரியாதையை உப்பு இருக்கும் இடத்தை வைத்தே அளந்தார்கள். வெளியே ஜனங்களுக்கு உப்பு என்றாலே வரி. ‘காபெல்’ எனப்பட்ட அந்த உப்பு வரி கடுமையாக இருந்த பகுதிகளில் 8 வயது தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இவ்வளவு உப்பு என்று வாங்கியே தீர வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி 1790-இல் அதை ஒழித்தது, நெப்போலியன் 1806-இல் திரும்பக் கொண்டுவந்தார். வேதாரண்யத்தில் 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய கதையைப் படித்து வளர்ந்த நமக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை. அரசாங்கம் வரி போட்ட பொருளைப் பணக்காரன் வெள்ளியில் வைத்துக் காட்டினான்.

இந்த வகையில் உச்சம் என்றால் பென்வெனுத்தோ செல்லினி என்ற இத்தாலியக் கலைஞர் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவாவுக்காக 1540-க்கும் 1543-க்கும் இடையில் செய்து கொடுத்த பாத்திரம். அது வெள்ளிகூட இல்லை, தங்கம். கடல் தெய்வத்தின் பக்கத்தில் ஒரு கப்பல், அதில் உப்பு. எதிரே நிலமகள், அவள் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில், அதில் மிளகு. இப்போது வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2003 மே மாதம் திருடு போய், 2006 ஜனவரியில் ஆஸ்திரியாவில் ஒரு காட்டுக்குள் ஈயப் பெட்டியில் புதைத்து வைத்திருந்த இடத்திலிருந்து மீட்டார்கள். உப்பு கடலிலிருந்து, மிளகு மண்ணிலிருந்து என்பது செல்லினியின் கற்பனை. அந்த மண் எந்த மண் என்பதுதான் நமக்கு முக்கியம். ஐரோப்பாவுக்குப் போன மிளகில் பெரும் பங்கு இந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் விளைந்தது. வால்பாறைத் தோட்டங்களில் இன்றும் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் மலபார்க் கரையில் மாஹேயைப் பிடித்து உட்கார்ந்ததே 1720களில் மிளகுக்காகத்தான். மிளகு கப்பலேறி லோரியான் துறைமுகத்துக்குப் போனது. அதற்கு விலையாக அங்கிருந்து வந்தது பெரும்பாலும் வெள்ளி. தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் வெட்டியெடுத்து, ஸ்பெயின் நாணயமாகி, பிரெஞ்சுக் கம்பெனி கைக்கு மாறி நம் கரைக்கு வந்த வெள்ளி. ஆளுநர் துய்மா காலத்தில் 1736-இல் புதுச்சேரியில் ரூபாய் அச்சடிக்க உரிமை வாங்கினார்கள். வந்த வெள்ளியை உருக்கி ரூபாயாக்கித் துணியும் சரக்கும் வாங்கினார்கள். ஒரு பக்கம் மிளகு போய்ப் பாரிஸில் வெள்ளிக் கிண்ணத்தில் உட்கார்ந்தது, மறுபக்கம் வெள்ளி வந்து இங்கே ரூபாயானது. பிரெஞ்சு வெள்ளி தமிழ்நாட்டுக்கு வந்ததா என்று கேட்டால் வந்தது, மூட்டை மூட்டையாக வந்தது. கிண்ணமாக வரவில்லை, அவ்வளவுதான்.

பிரான்சிலேயே பழைய வெள்ளிக் கிண்ணங்கள் அதிகம் மிஞ்சவில்லை. பதினான்காம் லூயி 1689-இல் போர்ச் செலவுக்காக வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசை நாற்காலிகளையே உருக்கச் சொன்னார். 1709-இல் இன்னொரு முறை. பதினைந்தாம் லூயி 1759-இல் தன் வெள்ளியை நாணயச் சாலைக்கு அனுப்பி, பிரபுக்களையும் அனுப்பச் சொன்னார். இந்த 1759 உருக்கல் நடந்த அதே ஏழாண்டுப் போரில்தான் 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது, ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பாரிஸ் அலமாரியையும் புதுச்சேரி வீடுகளையும் ஒரே போர் காலி செய்தது. அதற்குப் பிறகு புரட்சி வந்து மிச்சத்தையும் உருக்கியது. ஆகவே 1789-க்கு முந்தைய பிரெஞ்சு மேசை வெள்ளி இன்று எங்கே கிடைத்தாலும் அபூர்வம்தான். ‘லூயி காலத்து வெள்ளி’ என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் சந்தேகப்படுவதே சரி. பெரும்பாலும் அது 19-ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் செய்தது.

இனி பாத்திரங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மேசை நடுவில் ‘சுர்த்தூ’ என்ற பெரிய வெள்ளித் தாங்கி வைத்தார்கள். எண்ணெய், வினிகர், உப்பு, சர்க்கரைத் தூவி, மெழுகுவத்தி எல்லாம் அதிலேயே பொருந்தி நிற்கும். அப்போது எல்லா உணவையும் ஒன்றாகப் பரப்பி வைத்துச் சாப்பிடும் வழக்கம். பிறகு அந்தத் தாங்கி உடைந்து தனித்தனிப் பாத்திரங்களாயிற்று. உப்புக்கு ஜோடி ஜோடியாகச் சின்னத் திறந்த கிண்ணங்கள், அல்லது நடுவில் கைப்பிடி வைத்த இரட்டைக் கிண்ணம். ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் மிளகுத் தூள். எண்ணெய்-வினிகருக்குப் படகு வடிவத் தாங்கி, அதில் இரண்டு வெட்டுக் கண்ணாடிச் சீசாக்கள். சீசாவைத் திறந்தால் மூடியை எங்கே வைப்பது? அதற்கென்று பக்கத்தில் தனி வளையம். எண்ணெய் ஒழுகும் மூடி மேசை விரிப்பைக் கெடுக்கக் கூடாதே.

இவற்றில் எனக்குப் பிடித்தது கடுகுக் கிண்ணம். பிரெஞ்சுக்காரர் கடுகை நம்மைப் போல் தாளிப்பதில்லை, வினிகரோ திராட்சைப் புளிச்சாறோ விட்டு அரைத்து விழுதாக்கி இறைச்சியோடு தொட்டுக்கொள்வார்கள். அந்த விழுதைச் செய்து விற்ற மாய் என்ற வியாபாரக் குடும்பத்தின் பெயரில் 1747-இல் தொடங்கிய நிறுவனம் இன்றும் கடுகு விற்கிறது. தெருவில் தள்ளுவண்டியில் பீப்பாய் வைத்துக் கடுகு விற்றதைப் பார்த்து, 1750 வாக்கில் அந்துவான்-செபாஸ்தியான் துரான் என்ற பாரிஸ் வெள்ளிக் கொல்லர், ஒரு குழந்தை பீப்பாய் வண்டி தள்ளுவது போலவே வெள்ளியில் ஒரு ஜோடிக் கடுகுப் பாத்திரம் செய்தார். அது லிஸ்பனில் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரண்மனை மேசைக்குத் தெரு வியாபாரியை வெள்ளியாக்கி அனுப்பிய குறும்பு. சாதாரண வீட்டுக் கடுகுக் கிண்ணம் இதைவிட எளிது. உருளை உடல், கீல் வைத்த மூடி, மூடியில் கரண்டிக் காம்பு வெளியே நீட்ட ஒரு சின்ன வெட்டு, உள்ளே ஒரு நீலக் கண்ணாடிக் குப்பி. மிளகுக்கு அரைக்கும் சின்ன ஆலை மேசைக்கு வந்தது இன்னும் தாமதம். பெஜோ நிறுவனத்தின் மேசை மிளகு ஆலை 1874-இல் வந்தது. பின்னாளில் கார் செய்த அதே பெஜோதான்.

அந்த நீலக் கண்ணாடிக்கு வருவோம். அழகுக்கு வைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது தடுப்பு. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈர உப்பு வெள்ளியைத் தின்று வெள்ளிக் குளோரைடு ஆக்கும். வெளிச்சம் பட்டால் அது கறுக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாள் வேலை செய்ததும் இதே குடும்ப ரசாயனத்தால்தான். நூறு வருடப் பழைய உப்புக் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தால் உட்பக்கம் அம்மைத் தழும்பு போல் குழிக்குழியாக இருப்பதன் காரணம் இது. எந்தப் பாலிஷும் அதைச் சரிசெய்யாது, உலோகமே போய்விட்டது. கடுகில் கந்தகச் சேர்மம் இருக்கிறது, அது வெள்ளியைக் கறுப்பாக்கும். முட்டைக் கரண்டி கறுப்பதும் இதனால்தான். வினிகர் நேராக வெள்ளியை விடத் தாமிரத்தைப் பிடிக்கும். பூச்சு தேய்ந்த இடத்தில் களிம்பு ஏறும். இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்ததில்தான் அந்தக் கொல்லர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கிண்ணத்தின் உட்புறத்துக்குத் தங்க முலாம், அல்லது கண்ணாடிக் குப்பி. உப்புக் கரண்டியின் குழிக்கு மட்டும் தங்க முலாம். கடுகுக்குக் கொம்பிலோ எலும்பிலோ செய்த கரண்டி. எண்ணெய், வினிகர் வெள்ளியைத் தொடவே கூடாது என்பதற்காகக் கண்ணாடிச் சீசா. நம் வீட்டில் பீங்கான் ஜாடிக்கு உள்ள நியாயம்தான் இங்கே கண்ணாடிக் குப்பிக்கும். அதற்கு வெளியே ஒரு வெள்ளிச் சட்டை போட்டுப் பார்த்தார்கள். ஆகவே பழைய கடுகுக் கிண்ணம் வாங்குகிறவர்கள் வெள்ளியை மட்டும் பார்க்காமல் உள்ளே மூலக் கண்ணாடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடைந்து போய்ப் பின்னால் மாற்றியிருந்தால் அது வெள்ளிக்குள் சரியாக உட்காராமல் ஆடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் இரண்டு மாற்றங்கள் வந்தன. எல்லாவற்றையும் பரப்பி வைப்பதை விட்டு ஒவ்வொரு உணவாக உள்ளேயிருந்து கொண்டுவந்து பரிமாறும் ரஷ்ய முறை பரவியது. மேசையில் இடம் காலியானது, உப்புக் கிண்ணம் ஆளுக்கொன்று என்று பெருகியது. இன்னொன்று மின்முலாம். இங்கிலாந்தில் எல்கிங்டன் 1840-இல் காப்புரிமை பெற்றார். பாரிஸில் 1830 முதல் தொழில் நடத்திய சார்ல் கிரிஸ்தோஃபிள் 1842-இல் அந்த உரிமைகளை வாங்கினார். தாமிரம், நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தின் மேல் (நம் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்பது இதுதான்) மெல்லிய வெள்ளிப் பூச்சு. பார்வைக்கு வெள்ளி, விலைக்கு இல்லை. நடுத்தரக் குடும்பத்து மேசைக்கும் கடுகுக் கிண்ணம் வந்தது. இந்தப் பூச்சு வகைதான் இன்று அதிகம் புழங்குகிறது, அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஏமாற வேண்டியதில்லை. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். புரட்சிக்குப் பின் 1797-ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சு வெள்ளிக்கு ஆயிரத்துக்கு 950, 800 என்று இரண்டு தரம் வைத்தது. ஆங்கிலேயரின் 925-ஐ விட 950 தூய்மை கூடுதல். 1798 முதல் 1819 வரை சேவல் முத்திரை, பிறகு 1838 வரை கிழவர் தலை, 1838 முதல் மினர்வா தேவியின் தலை. மினர்வாவுக்கு முன்னால் 1 என்றிருந்தால் 950, 2 என்றிருந்தால் 800. சின்னச் சாமான்களுக்குப் பன்றித் தலையோ நண்டோ இருக்கும், அது 800. செய்தவரின் முத்திரை சாய்சதுரக் கட்டத்துக்குள். பூச்சுச் சாமான் செய்தவரின் முத்திரை நேர் சதுரத்துக்குள். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. இன்னொன்று: 1819 முதல் முத்திரை அடிக்கும்போது அடியில் வைக்கும் பட்டறைக்கல்லில் பூச்சி உருவங்கள் செதுக்கியிருந்தார்கள். மேலே மினர்வா விழும்போது பின்பக்கம் அந்தப் பூச்சியின் கால், இறக்கை பதியும். போலி செய்கிறவர்களுக்கு வைத்த பொறி அது.

84 என்ற எண் மட்டும் இருந்தால்? ரஷ்ய வெள்ளியில் 84 என்பது உண்மையான தர முத்திரை. பிரெஞ்சுப் பூச்சுக் கரண்டியில் அதே 84, ஒரு டஜன் செட்டுக்கு 84 கிராம் வெள்ளி பூசியிருக்கிறது என்பதற்கான எண். இரண்டையும் குழப்பி விற்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இந்தியாவுக்குப் பிரெஞ்சு வெள்ளி வந்த பெரிய வழி சமஸ்தானங்கள். பஹாவல்பூர் நவாபுக்காகக் கிரிஸ்தோஃபிள் 1882-இல் செய்த கட்டிலில் 290 கிலோ வெள்ளி போனது. நாலு மூலையிலும் ஆளுயரப் பெண் சிலைகள். சாப்பாட்டு மேசைக்குச் சம்பந்தமில்லாத செய்தி, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கர் 1930களில் தன் மாணிக் பாக் அரண்மனைக்கு ழான் புய்ஃபோர்காவின் நவீன பாணி வெள்ளியை வரவழைத்தார். சென்னையில் நிலைமை வேறு. 1849-இல் தொடங்கிய மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ், ஐரோப்பிய வடிவக் கிண்ணத்தில் நம் சாமி உருவங்களைத் தட்டி எழுப்பிய வெள்ளி வேலைக்குப் பேர்போனது. 1875-76-இல் வந்த வேல்ஸ் இளவரசருக்கும் அந்த வேலைப்பாடு போயிற்று. மேசையில் உப்புக் கிண்ணம், அதைச் சுற்றி விநாயகரும் கிருஷ்ணரும். பக்தி உள்ளவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் தமிழ்க் கைவினைஞன் கை பட்டு உருவான மேசை வெள்ளி என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். இன்று ஏல விற்பனைகளில் அதற்குத் தனி மதிப்பு இருக்கிறது.

வால்பாறை இந்த வழிகள் எதிலும் சேராது. ஆனைமலையில் தேயிலை வந்தது 1890களின் கடைசியில்தான். அதற்கு முன் காப்பி முயற்சிகள் நடந்தன. காடழித்துத் தோட்டம் போட்ட கார்வர் மார்ஷுக்குக் கவர்க்கல்லில் சிலை வைத்திருக்கிறார்கள். வந்த துரைமார்கள் பிரிட்டிஷார், அவர்கள் மேசைச் சாமானும் பெரும்பாலும் ஷெஃபீல்டிலும் பர்மிங்காமிலும் செய்தது. ஆர்மி அண்ட் நேவி கடைக்கு 1891-இல் பம்பாயில் கிளை வந்துவிட்டது, பட்டியலைப் பார்த்து எழுதிப் போட்டால் சாமான் வரும். பங்களாவில் மேசை நாற்காலி, பீங்கான், கரண்டி வரை கம்பெனிச் சொத்து. ஒரு துரை போய் அடுத்த துரை வரும்போது பட்டியல் போட்டு ஒப்படைப்பது தோட்டத்து வழக்கம். கம்பெனி வாங்கிக் கொடுப்பது பூச்சுச் சாமான். கல்யாணப் பரிசாக வந்த அசல் வெள்ளி இருந்தால் துரைசாணி ஊருக்குப் போகும்போது பெட்டியில் போய்விடும். மிஞ்சியது எது என்பதை இதிலேயே ஊகிக்கலாம். ஆகவே வால்பாறை அலமாரியில் இருப்பதைப் ‘பிரெஞ்சு வெள்ளி’ என்று யாராவது சொன்னால், அடிப்பாகத்தைத் திருப்பி இ.பி.என்.எஸ். (மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர்) என்ற எழுத்தைத் தேடுவதுதான் முதல் வேலை. அநேகமாக இருக்கும்.

அது பூச்சாகவே இருந்தாலும் வால்பாறை மழையில் படும் பாடு தனி. தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு பக்கத்தில்தான் இருக்கிறது. ஆடி மாதத்தில் உப்பு கட்டியாகிக் கசியும். உப்புக் குப்பிக்குள் நாலு அரிசி போட்டு வைப்பது அதனால்தான். அப்படிக் கசியும் உப்பை வெள்ளிக் கிண்ணத்தில் விட்டுவிட்டு ஒரு வாரம் பங்களாவைப் பூட்டினால் போதும், வேலை முடிந்தது. வேளை முடிந்ததும் உப்பைக் கொட்டி, கழுவி, துடைத்து வைக்க ஒரு பட்லர் இருந்தால்தான் இந்தப் பாத்திரம் பிழைக்கும். அந்த மேசைக்கு ஒரு பட்லர், ஒரு சமையல்காரர், வாரம் ஒருமுறை பாலிஷ் போட ஒரு கை. கீழே லைன் வீட்டில் கங்காணி கடனில் கட்டுண்டு வந்த குடும்பங்கள். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல் அவர்களைப் பற்றி எழுதிய ‘ரெட் டீ’ நாவல் 1969-இல் வந்தது. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் படிக்கலாம், இயக்குநர் பாலாவின் ‘பரதேசி’ படம் அதிலிருந்து பிறந்தது. பங்களா மேசையின் பளபளப்பை ரசிக்கிறவர்கள் அதையும் ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. ஒரு ஜோடி வெள்ளி உப்புக் கிண்ணத்தைக் கறுக்காமல் காக்க எத்தனை பேர் உழைப்பு வேண்டியிருந்தது என்பதை வைத்துத்தான் அதன் அழகையும் மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியாக, கையில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வீட்டு வெள்ளியை விபூதி போட்டும் பல்பொடி போட்டும் தேய்ப்பது நம் பழக்கம். கெட்டியான குங்குமச் சிமிழ் அதைத் தாங்கும். பூச்சுச் சாமானில் நாலு தடவை தேய்த்தால் அடியில் மஞ்சளோ சாம்பலோ எட்டிப் பார்க்கும். வெந்நீரும் லேசான சோப்பும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். தேய்ந்த பூச்சை மறுபடி ஏற்றினால் பழம்பொருள் மதிப்பு போய்விடும். உப்புக் கிண்ணத்தில் உப்பு வைத்தே ஆக வேண்டுமென்றால் கண்ணாடிக் குப்பியோடு வையுங்கள், சாப்பிட்டதும் கொட்டிவிடுங்கள்.

விற்பதானால் அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். வெள்ளிக் கடையில் டச் பார்த்து, கிராமுக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்வார்கள், அங்கிருந்து நேராக மூசைக்குத்தான் போகும். சேலத்துப் பட்டறையில் கொலுசாகிவிட்ட பிறகு அது மினர்வா தலையோடு வந்ததா என்று யாரும் கேட்கப்போவதில்லை. கண்ணாடிக் குப்பியைக் கழற்றிவிட்டு எடை போட்டால் பிரெஞ்சு உப்புக் கிண்ணம் கனமே இருக்காது. எடைக்கு விற்பதில் பெரிய லாபமும் இல்லை. முதலில் அடிப்பாகத்தைப் படம் எடுத்து, முத்திரை தெரிந்தவரிடம் காட்டுங்கள். நூறு வயது தாண்டிய பழங்கலைப் பொருளை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வெளிநாட்டு வாங்குபவர் ஆசை காட்டினாலும் அந்தக் கடுகுக் கிண்ணம் சட்டப்படி இங்கேதான் இருக்க வேண்டும்.